அழுத்தினால் இறங்கும், இழுத்தால் ஏறும்: கார் கண்ணாடி விதிகளின் பின்னணி

காரில் ஏறி உட்கார்ந்ததும் கதவிலுள்ள கண்ணாடிப் பொத்தானைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணாடியை இறக்க அதை அழுத்துகிறோம். ஏற்ற வேண்டுமானால் விரல்நுனியை அதன் விளிம்புக்கு அடியில் கொடுத்து மேலே இழுக்கிறோம். பல வருடமாக வண்டி ஓட்டுபவர்கூட இது ஏன் இப்படி என்று யோசித்திருக்க மாட்டார். கண்ணாடி மேலே போக வேண்டும், அதனால் பொத்தானும் மேலே என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அதுவல்ல. அமெரிக்காவில் 2010 அக்டோபர் 1 முதல் தயாராகும் கார்களுக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் இது சட்டம். அதற்கு முன் அந்நாட்டுக் கம்பெனிகளின் பல வண்டிகளில் வேறு வகைப் பொத்தான்கள் இருந்தன. வீட்டுச் சுவரிலுள்ள லைட் சுவிட்ச் மாதிரி ஒரு முனையை அழுத்தினால் இறங்கும், மறு முனையை அழுத்தினால் ஏறும். இவற்றைக் கதவின் கைப்பிடி மேட்டில் படுக்கை வாட்டில் பதித்திருந்தார்கள். பெரியவர்களின் கைக்கு அது வசதி. ஆனால் நிறுத்தியிருக்கும் வண்டியில் இருக்கும் ஒரு மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும். உயரம் போதாது என்பதால் கைப்பிடி மேட்டில் முழங்காலை ஊன்றி ஏறும். முழங்கால் பொத்தானின் மேல் விழும். கண்ணாடி ஏறத் தொடங்கும். கழுத்தில் கண்ணாடி இறுகியபின் குழந்தையால் முழங்காலை எடுக்கவும் முடியாது, கத்தவும் முடியாது.

அமெரிக்காவில் பவர் விண்டோவால் குழந்தைகள் இறந்த சம்பவங்களில் இந்த மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. எண்ணிக்கையில் பெரிது இல்லை. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ 2000-களில் போட்ட மதிப்பீடுகளில் ஆண்டுக்கு இறப்பு ஒற்றை இலக்கம்தான். காயம்பட்டவர்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் விரல் நசுங்கியவர்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் சாலையில் சாகும் நாட்டில் இது மிகச் சிறிய எண். இந்தச் சிறிய எண்ணுக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்விதான் நாற்பது வருட விதிகளின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

கைச்சுழற்சி இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றும்போது சுற்றுபவரின் கைக்கு எதிர்ப்பு தெரியும். விரல் மாட்டினால் நின்றுவிடும். குழந்தையே சுற்றினாலும் அதன் பலம் அவ்வளவுதான். 1940-களின் தொடக்கத்தில் பேக்கார்ட் போன்ற ஆடம்பரக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் ஏறும் கண்ணாடிகள் வந்தன. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் முழுக்க மின் மோட்டாரிலேயே இயங்குபவை வந்தன. மோட்டார் வந்ததும் அந்தக் கையுணர்வு போய்விட்டது. இறுகிய ரப்பரின் உராய்வையும், பனிநாட்டில் உறைந்த கண்ணாடியையும் வென்று ஏற வேண்டும் என்பதற்காக மோட்டாருக்குப் பலம் கூட்டிக் கொடுத்தார்கள். சாதாரண பவர் விண்டோ 30 முதல் 80 பவுண்டு விசையோடு ஏறும், ஒரு கைக்குழந்தைக்கு ஆபத்தாக 22 பவுண்டே போதும் என்பது அங்குள்ள குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லிவந்த கணக்கு.

அமெரிக்காவின் 118-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1971 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. விசையைப் பற்றி அது பேசவில்லை. அது பேசியது சாவியைப் பற்றி. சாவி போட்டுத் திருப்பாத வண்டியில் மோட்டார் கண்ணாடியை ஏற்றக் கூடாது, சாரம் இவ்வளவுதான். சாவி போட்டிருக்கிறது என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்பது இதிலுள்ள அனுமானம். விதியின் பிற்காலத் திருத்தங்களை வரிசையாகப் படித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது: இது கண்ணாடியைப் பற்றிய விதியே இல்லை, பெரியவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பற்றிய விதி. ஒவ்வொரு புதுத் தொழில்நுட்பமும் வரும்போது விதி எழுதுபவர்கள் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

1991 திருத்தத்தைப் பாருங்கள். ரிமோட் வந்துவிட்டது, மின்சாரத்தில் திறந்து மூடும் கூரைக் கண்ணாடியும், அதாவது நாம் சன்ரூஃப் என்பதும், பரவிவிட்டது. சன்ரூஃபை விதிக்குள் கொண்டுவந்தார்கள். சாவி போட்டுத் திருப்பாமலும் கண்ணாடி ஏறலாம் என்று விதியில் சில வாசல்களும் உண்டு. வண்டியை அணைத்த பிறகு முன்கதவு இரண்டில் ஒன்று திறக்கும்வரை பொத்தான் வேலை செய்யலாம்; பெரியவர் இன்னும் இறங்கவில்லை அல்லவா. வெளியே நின்று கதவுப் பூட்டில் சாவியைத் திருப்பியபடியே பிடித்திருந்தால் ஏறலாம். பிடித்திருக்கும் கை அங்கேயே இருக்கிறது. ரிமோட்டில் அழுத்தியபடியே இருந்தால் ஏறலாம், ஆனால் அந்த ரிமோட் 6 மீட்டருக்கு மேல் எட்டக் கூடாது. இடையில் மறைப்பு இருந்தால் வேலை செய்யாத வகை ரிமோட் என்றால் 11 மீட்டர் வரை விடலாம். ஆறுக்கும் பதினொன்றுக்கும் நடுவிலுள்ள அந்த வித்தியாசத்தில்தான் விதியின் மனம் தெரிகிறது. கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பவருக்கு ஐந்து மீட்டர் கூடுதல் சலுகை.

இந்த வாசல்களுக்கு வெளியே, பெரியவர் பக்கத்தில் இருப்பது உறுதியில்லாத நிலையிலும் கண்ணாடி தானாக மூட வேண்டும் என்று ஒரு கம்பெனி விரும்பினால்? அப்போதுதான் விசையைப் பற்றிய பேச்சு வருகிறது. அந்தக் கண்ணாடி தடை எதையும் உணர்ந்து நின்று திரும்பி இறங்க வேண்டும். கார்க் கடைகளில் ‘ஆன்ட்டி பிஞ்ச்’ என்று சொல்கிறார்களே, அதுதான்.

சோதனைக்குக் குச்சி வைக்கிறார்கள். 4 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை விட்டமுள்ள, ஓரளவு விறைப்பான உருளைகள். மெல்லியது குழந்தையின் விரலையும்விட ஒல்லி. பருமனானது தலையை உள்ளடக்கும் அளவு. உருளையின் மேல் 100 நியூட்டன் விசை விழுவதற்கு முன் கண்ணாடி திரும்பிவிட வேண்டும். திரும்பினால் மட்டும் போதாது: ஏறத் தொடங்கிய இடத்துக்கே போக வேண்டும், அல்லது தடையைத் தொட்ட நிலையைவிட 125 மி.மீ. கூடுதலாகத் திறக்க வேண்டும், அல்லது 200 மி.மீ. உருளை நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். மாட்டிய தலையை வெளியே எடுக்க வேண்டுமே.

100 நியூட்டன் என்பது ஏறக்குறைய 10 கிலோ அரிசிப் பையின் பாரம். மேலே சொன்ன 22 பவுண்டும் இதுவும் ஒன்றுதான். எந்த அளவு ஆபத்து என்கிறார்களோ அந்த அளவுதான் மேல் வரம்பும். இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் இன்னும் கீழே இறக்கினால் கரடுமுரடான சாலையில் குலுங்கும்போதும், ரப்பரில் தூசி படிந்திருக்கும்போதும் கண்ணாடி தடை என்று நினைத்துப் பாதியிலேயே இறங்கிவிடும். மழையில் கண்ணாடி மூடாத வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த நிமிடமே திரும்பிவிடுவதால் 100 நியூட்டன் கண நேரம்தான் விழுகிறது என்பது சமாதானம். பாதிச் சமாதானம்தான்.

விதியில் இன்னொரு சிறு எண் இருக்கிறது, 4 மி.மீ. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே 4 மி.மீ. குச்சி நுழையாத அளவு நெருங்கிவிட்டால் மேற்படி நிபந்தனை எதுவும் இல்லை. இந்த விலக்கு இல்லாவிட்டால் எந்த ஜன்னலும் மூடவே மூடாது. கடைசி சில மில்லிமீட்டரில் கண்ணாடி ரப்பருக்குள் முட்டிக்கொண்டு புகும்போது மோட்டாருக்கு அதுவும் ஒரு தடைதான்.

கண்ணாடிக்கு உணர்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான கார்களில் கண்ணாடியில் எந்த சென்சாரும் கிடையாது. கதவுக்குள் இருக்கும் மோட்டாரின் அச்சில் சிறு காந்த வளையம். அதன் பக்கத்தில் காந்தப்புலத்தை உணரும் சில்லு. மோட்டார் சுற்றச் சுற்ற சில்லு துடிப்புகளை எண்ணுகிறது. எண்ணிக்கை கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். துடிப்புகளுக்கு இடையிலான நேரம் வேகத்தைச் சொல்லும். தடை வந்தால் வேகம் குறையும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடும். உடனே திருப்பு. சொல்ல எளிது. ஆனால் வெயிலில் இளகிய ரப்பர், குளிரில் இறுகிய ரப்பர், பேட்டரி வோல்டேஜ், கண்ணாடி ஏறி இறங்கும் பழசாகிப்போன தடம் எல்லாமே வேகத்தை மாற்றும். அதனால் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் ஜன்னலின் வழக்கமான உராய்வைக் கற்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகினால் மட்டுமே தடை என்று முடிவு செய்கிறது.

என் வண்டிக்குப் பேட்டரி மாற்றியபோதுதான் இது எனக்கு விளங்கியது. மாற்றிய பிறகு ஓட்டுநர் பக்க ஜன்னல் ஒரே இழுப்பில் ஏற மறுத்தது. பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஏறியது. மெக்கானிக் சிரித்துக்கொண்டே, “அது மறந்துருச்சு சார். ஃபுல்லா ஏத்திட்டு விடாம ரெண்டு மூணு செகண்ட் புடிங்க, கத்துக்கும்” என்றார். மின்சாரம் போனதும் ஜன்னல் எங்கே முடிகிறது என்ற கணக்கு அழிந்திருக்கிறது. கணக்குத் தெரியாத நிலையில் தானாக ஏறும் வசதியை வண்டியே நிறுத்தி வைத்துவிடுகிறது. யோசித்துச் செய்த ஏற்பாடுதான்.

இனி பொத்தானுக்குத் திரும்பலாம். சாவியை நம்பிய விதியில் ஓட்டை எங்கே இருந்தது என்பது 2000-களில் நன்றாகவே தெரிந்துவிட்டது. பெரியவர் பெட்ரோல் பங்கில் பணம் கொடுக்க இறங்குகிறார், அல்லது வாசலில் சாமான் இறக்குகிறார். சாவி வண்டியிலேயே இருக்கிறது. விதியைப் பொறுத்தவரை அவர் உள்ளேதான் இருக்கிறார். முழங்கால் பொத்தானில் விழ அந்த இரண்டு நிமிடம் போதும்.

குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் கேட்டது எல்லா ஜன்னலுக்கும் ஆன்ட்டி பிஞ்ச். என்எச்டிஎஸ்ஏ தேர்ந்தெடுத்தது மலிவான வழி. 2004 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி 40 மி.மீ. விட்டமுள்ள உருண்டை ஒன்றை, குழந்தையின் முழங்காலுக்குப் பதிலாக, 135 நியூட்டன் வரை எந்தப் பக்கமிருந்து அழுத்தினாலும் கண்ணாடி ஏறத் தொடங்கக் கூடாது. பொத்தானைக் குழிக்குள் வைத்தோ, சுற்றிலும் மேடு கட்டியோ இதில் தேறலாம். நாடாளுமன்றத்துக்கு அது போதவில்லை. 2005 ஆகஸ்டில் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: ஜன்னலை ஏற்றும் பொத்தான் பதித்த இடத்திலிருந்து மேலேயோ வெளியேயோ இழுத்தால்தான் வேலை செய்ய வேண்டும். 2006-இல் அது விதியானது. உருண்டைச் சோதனை 2008 அக்டோபரிலிருந்து, இழுக்கும் பொத்தான் 2010 அக்டோபரிலிருந்து கட்டாயம்.

ஜப்பானிய, ஐரோப்பியக் கார்களில் பலவற்றில் இந்த வகைப் பொத்தான் அதற்கு முன்பே இருந்தது. அதே கம்பெனிகளின் வண்டிகள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஊரில் இதைச் சட்டமாக்க இத்தனை வருடம் ஆனது என்பதுதான் வேடிக்கை. ஒரு பிளாஸ்டிக் துண்டின் வடிவம் மாறினால் போதும்; சென்சார் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், பேட்டரி மாற்றினால் மறந்துபோகாது. எடையை வைத்து அழுத்த முடியும், எடையை வைத்து இழுக்க முடியாது. இவ்வளவு எளிய இயற்பியல். பாதுகாப்பு என்றாலே கேமராவும் சில்லும் என்று விளம்பரம் செய்யும் இந்தக் காலத்தில், நான் பார்த்தவரை செலவுக்கு ஏற்ற பலனில் இந்தப் பொத்தானை மிஞ்சியது அதிகம் இல்லை.

அது தீர்க்காதது ஒன்று உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே நான்கு ஜன்னலையும் ஏற்றலாம். பின்னால் குழந்தையின் கை வெளியே இருப்பதைப் பார்க்காமல் அப்பா பின்ஜன்னலை ஏற்றினால்? பெரியவர் இருக்கிறார், சாவி இருக்கிறது, பொத்தானை இழுத்தது முழங்கால் அல்ல. விதிக்கு அங்கே எந்த ஆட்சேபமும் இல்லை. பின்னோக்கி வந்த காரில் அடிபட்டு இறந்த ஒரு குழந்தையின் பெயரில் 2008-இல் இயற்றிய சட்டம், எல்லா ஜன்னலுக்கும் தானாகத் திரும்பும் வசதி தேவையா என்று ஆராயும்படி என்எச்டிஎஸ்ஏவிடம் சொன்னது. ஒரே தொடுதலில் ஏறிவிடும் ஜன்னல்களுக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்கலாம் என்று 2009-இல் வரைவு வந்தது. 2011 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். பெரும்பாலான காயங்கள் பொத்தானைப் பிடித்தபடி ஏற்றும்போதுதான் நேர்கின்றன, எல்லா ஜன்னலுக்கும் வைத்தால் செலவுக்கேற்ற பலன் இல்லை என்கிற ரீதியில் வாதம் போனது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் தானாக ஏறும் ஜன்னல் தடையை உணர வேண்டும் என்பதைக்கூடச் சட்டமாக்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை, அதுவும் பெரும்பாலான கம்பெனிகள் தாமாகவே அதை வைத்துக்கொண்டிருந்த காலத்தில்.

அவை தாமாக வைத்ததற்குக் காரணம் ஐரோப்பா. அங்கும், அதைப் பின்பற்றும் பிற நாடுகளிலும், வாகன உட்புற அமைப்புகளுக்கான ஐ.நா. 21-ஆம் எண் விதி பொருந்தும். 4 முதல் 200 மி.மீ. உருளை, 100 நியூட்டன், 6 மீட்டர் எல்லாம் அதிலும் உண்டு. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். வித்தியாசம் இரண்டு இடத்தில். திரும்பும் வசதி இல்லாமல் ஒரே தொடுதலில் ஏற அனுமதி ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கும் கூரைக்கும் மட்டும். வேறு எந்த ஜன்னலுக்கு அந்தச் சொகுசு வேண்டுமானாலும் தடையை உணரும் வசதி வைத்தாக வேண்டும். அடுத்தது, பின்இருக்கைப் பொத்தான்களை ஓட்டுநர் முன்னாலிருந்தே முடக்கும் சுவிட்ச் கட்டாயம். கதவில் ஜன்னல் படத்துக்கு மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு பொத்தான் இருக்குமே, அதன் பூர்வீகம் இது. நம் ஊர்க் கார்களிலும் அது இருக்கிறது. பின்னால் குழந்தைகள் இருக்கும்போது அதை அழுத்திவிட்டு ஓட்டுபவர்களை அரிதாகவே பார்க்கிறேன். விலை குறைந்த மாடல்களில் ஆன்ட்டி பிஞ்ச் ஓட்டுநர் ஜன்னலுக்கு மட்டும்தான் என்பதையும் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. விரலை மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ளவர்கள் உட்காருவது பின்னால்.

118-ஆம் விதி பெரிய அளவில் செய்தியானது 2022 செப்டம்பரில். டெஸ்லா அமெரிக்காவில் ஏறக்குறைய 11 லட்சம் கார்களை ரீகால் செய்தது, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. தடையை உணர்ந்த பிறகு ஜன்னல் சரியாகத் திரும்பாமல் போகலாம் என்பது குறை. தயாரிப்புச் சோதனையில் கம்பெனியே கண்டுபிடித்தது. காயம்பட்டதாகத் தகவல் எதுவும் தனக்கு வரவில்லை என்றும் சொன்னது. எந்தக் காரும் பட்டறைக்குப் போகவில்லை, இணையம் வழியாகவே மென்பொருளை மாற்றிவிட்டார்கள். இதற்குப் போய் ரீகால் என்ற சொல்லா என்று ஈலான் மஸ்க் எரிச்சல்பட்டார். அவர் எரிச்சலில் எனக்கு அனுதாபம் இல்லை. டெஸ்லாவின் சில மாடல்களில் ஜன்னலைக் கைப்பேசி ஆப்பிலிருந்தே மூடலாம். மூடுபவர் ஆறு மீட்டரிலும் இருக்கலாம், அடுத்த ஊரிலும் இருக்கலாம். அப்படிப்பட்ட ஜன்னலுக்கு 100 நியூட்டன் வரம்புதான் ஒரே காவல். அதைத் தாண்டினால் பழுது கம்பியில் இருந்தாலென்ன, நிரலில் இருந்தாலென்ன?

சன்ரூஃபின் கதை கொஞ்சம் வேறு. சாவி, தூரம், உருளைச் சோதனை எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் இழுத்தால்தான் ஏறும் என்ற 2010 கட்டாயம் ஜன்னலுக்கு மட்டுமே. கூரையில் தலைக்கு மேலே இருக்கும் பொத்தானில் குழந்தையின் முழங்கால் எப்படிப் போய் விழும்? அதனால் பிடித்தபடியே இருந்தால் மட்டும் மூடும் கூரைப் பொத்தானுக்கு உருண்டைச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. இருக்கையில் ஏறி நின்று கூரைக்கு வெளியே தலையை நீட்டும் குழந்தையின் தோள் அந்தப் பொத்தானுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யோசித்தால் அந்த விலக்கு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. விபத்தில் ஆட்கள் வெளியே தூக்கி எறியப்படாமல் காக்க 2011-இல் அமெரிக்கா கொண்டுவந்த 226-ஆம் விதியும் பக்கவாட்டு ஜன்னல்களோடு நின்றுவிட்டது, கூரைக்கு வரவில்லை.

நம் நாட்டில் சன்ரூஃப் விற்பதே குழந்தைகள் தலை நீட்டுவதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. ஷோரூமில் பெற்றோர் முதலில் கேட்பது அதுதான். கல்யாண ஊர்வலத்திலிருந்து கொடைக்கானல் மலைப்பாதை வரை எங்கும் கூரைக்கு வெளியே இரண்டு சிறு தலைகள். 2025 செப்டம்பரில் பெங்களூருவில் ஓடும் காரின் சன்ரூஃபில் நின்று வந்த சிறுவன் ஒருவனின் தலை, உயரமான வண்டிகளைத் தடுக்கச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்த இரும்புத் தடுப்பில் மோதியது. பின்னால் வந்த வண்டியின் கேமராப் பதிவை நாடே பார்த்தது. முன்இருக்கையில் பெரியவர்கள் இருந்தார்கள், வண்டி ஓடிக்கொண்டிருந்தது, கூரைக் கண்ணாடி முழுக்கத் திறந்தே இருந்தது. மூடும் கண்ணாடிக்காக எழுதிய விதி எதற்கும் அங்கே வேலை இல்லை.